பெரியவனுக்குத் தண்ணீர்

காலையில் அக்கா செருப்பை மாட்டும்போது தம்பி தண்ணீர்ப் பாட்டிலோடு வாசலில் வந்து நிற்பான். தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்த நீல நிறப் பாட்டில். அதைக் கழுத்துவரை ரொப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையில் கொடுப்பான். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன் அவன். வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டான்.

"பெரியவனைக் காயப் போட்டுடாத" என்பான்.

பெரியவன் என்றால் வேறு யாருமில்லை, அக்காவிடம் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம்தான். இன்னொன்று தம்பியின் வயிற்றில் இருக்கிறது. அது சின்னவன். சில வருஷங்களுக்கு முன் தம்பிக்கு இரண்டும் ஒருசேரக் கைவிட்டபோது, அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். விலாவில் ஒரு சாண் நீளத் தழும்பு, குனிந்து வாளி தூக்க முடியாத மாதங்கள், எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்தான் கிடக்கின்றன. ஆஸ்பத்திரியில் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் வைத்த பெயர்கள் அவை. அப்படியே ஒட்டிக்கொண்டன.

மருத்துவர் அக்காவுக்குச் சொல்லியனுப்பியது சின்ன சமாச்சாரம்தான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். அவளும் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தாள். அப்போது அவள் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் இருந்தாள். பசை காயும் நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம், நினைத்தபோது எழுந்து போகலாம், வீட்டுக்கு நடந்தே வரலாம். முதலாளி வயதாகிவிட்டதென்று கடையை மூடிவிட்டார். அதோடு அந்தச் சௌகரியமும் மூடிக்கொண்டது.

புது வேலை எதுவென்று கேட்டால் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. லிப்டுக்குள் மணிப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்குமே, அதை அழுத்தினால் யாரோ பதில் சொல்வார்களே, அந்த யாரோ இப்போது இவள். குளிரூட்டிய நீள அறையில், காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அழைப்பு வந்ததும் எந்தக் கட்டடம் என்று திரையில் தெரியும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்க் கதவைத் திறக்கும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மெக்கானிக் சாலை நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர ஒரு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும்.

அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. குரல் மாறக் கூடாது. யார் முதலில் பேசினார்களோ அவர்களே கதவு திறக்கும்வரை பேச வேண்டும். பொறுப்பில் இருந்த அம்மாளை எல்லோரும் ஷிப்ட் மேடம் என்பார்கள். சேர்ந்த அன்றே அவர் இதைச் சொல்லிவிட்டார். உள்ளே இருப்பவர்களுக்கு நம் முகம் தெரியாது, அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது குரலைத்தான், பாதியில் கை மாற்றினால் பயந்துவிடுவார்கள் என்றார். வேலைக்கு எடுக்கும்போது உடம்புக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். ஒன்றுமில்லை என்றாள் அக்கா. நோய் என்று ஒன்றும் இல்லைதானே, ஓர் உறுப்பு குறைவு, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள்.

முதல் வாரம் பழக்கத்தை விடாமல் தண்ணீர் குடித்தாள். அந்த வாரமே வினையும் வந்தது. ஒரு பல் மருத்துவமனையின் லிப்டில் ஓர் இளம்பெண் தனியாக மாட்டிக்கொண்டாள். மெக்கானிக் வழியில் எங்கேயோ நின்றுவிட்டார். அக்கா அந்தப் பெண்ணின் படிப்பு, பல்வலி, அவள் வளர்க்கும் பூனை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பேச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இங்கே அடிவயிறு கல்லாகிக்கொண்டு வந்தது. காலைப் பின்னிக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டாள், நாற்காலி நுனிக்கு வந்தாள். கடைசியில் முடியாமல், பக்கத்து இருக்கைக்காரரிடம் அழைப்பைத் தள்ளிவிட்டு ஓடினாள். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கணீரென்ற குரலுக்காக எல்லோரும் அவரை ரேடியோ என்பார்கள். ஆனால் எவ்வளவு நல்ல குரலாக இருந்தால் என்ன, அந்தப் பெண்ணுக்கு அது திடீரென்று முளைத்த ஓர் ஆண் குரல். அவள் அலறிக் கதவிடுக்கில் விரலை விட்டு இழுக்கப் பார்த்ததில் நகம் பெயர்ந்துபோனது.

ஷிப்ட் மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இந்த ஒரு விஷயத்தைத்தானே முதல் நாளே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேலை நிரந்தரமாக இன்னும் சில மாதங்கள் இருந்தன. அக்காவுக்கு அந்த நகம்தான் கண்ணிலேயே நின்றது.

மறுநாளிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரேயடியாக நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு வாய், சாப்பாட்டோடு ஒரு வாய், வேலை முடிந்ததும் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு வாய். நடையும் எப்போதோ போயிருந்தது. விடியும் முன்பே கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகிறவள் எங்கே நடப்பாள்? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிழுந்தாள். மற்றவையெல்லாம் போனது தம்பிக்குத் தெரியும். அவனும் புது வேலை, பழகட்டும் என்று விட்டுக்கொடுத்திருந்தான். தண்ணீரை மட்டும் அவன் விடவில்லை. அவள் உள்ளே நுழைந்ததும் பாட்டிலை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பான். சத்தம் வரவில்லையென்றால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைக் கெடுக்க அவளுக்கு மனசில்லை.

ஆகவே பாட்டில் காலியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். அவள் இருக்கைக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, பெரிய தொட்டியில் அகன்ற இலைகளோடு ஒரு செடி நின்றது. ஷிப்ட் மேடம் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த செடி. வேலை முடியும் நேரத்தில் அக்கா குனிந்து பையை எடுக்கிற மாதிரி பாட்டிலை அதில் கவிழ்த்துவிடுவாள். தம்பி பார்த்துப் பார்த்து வடிகட்டி ரொப்பிய தண்ணீர், மண்ணுக்குள் சத்தமில்லாமல் இறங்கிப் போகும்.

கொஞ்ச நாள் செடி நன்றாகத்தான் இருந்தது. புது இலைகூட விட்டது. பிறகு அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஷிப்ட் மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. பாவம், தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று அவரும் தன் பங்குக்கு ஒரு செம்பு ஊற்றினார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ரேடியோ. அக்கா இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டினாள். அவளுக்கே அப்போது தலைவலி விட்டபாடில்லை. உதடு வெடித்திருந்தது. படி ஏறினால் கால் துவண்டது. சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது, நிறமும் சரியில்லை. எல்லாவற்றையும் புது வேலையின் அலுப்பு என்று ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை செடி தொட்டியிலிருந்து சாய்ந்து கிடந்தது. ஷிப்ட் மேடம் அதைப் பிடித்துத் தூக்க, எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, நசநசவென்று அழுகி, அறை முழுக்க நாற்றம்.

"யாரோ தண்ணிய ஊத்தி ஊத்தியே கொன்னுருக்காங்க" என்றார்.

பழி துப்புரவுக்காரர் மேல் போனது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் அந்தப் பக்கமே போகிறதில்லை அம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்த நேரத்தில் காதில் அழைப்பு மணி அடித்தது. பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்று யாரிடமோ சொல்லத் தொடங்கினாள். பயந்து கிடந்தவள் அவள்தான். அன்று சாயங்காலம் பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினாள்.

வருஷத்துக்கு ஒருமுறை இருவருக்கும் சேர்த்துப் பரிசோதனை உண்டு. அது அடுத்த வாரமே வந்தது. தம்பிக்கு எல்லாம் சரியாக இருந்தது. சின்னவன் ஜம்மென்று இருக்கிறான் என்று அவன் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். அக்காவின் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் பழைய காகிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போன வருஷத்தைவிட ரத்தத்தில் கழிவு ஏறியிருக்கிறது என்றார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "அதுல குறையே இல்ல டாக்டர். காலைல நானே ரொப்பிக் குடுக்கறேன், சாயங்காலம் நானே வாங்கிப் பாக்கறேன். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது."

பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொன்ன பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மருத்துவரின் முகம்தான் இறங்கியது. தண்ணீர் குறைந்து ஏறியிருந்தால் அவ்வளவு கவலையில்லை, குடித்தால் பெரும்பாலும் இறங்கிவிடும் என்றார். அவ்வளவு குடித்தும் ஏறுகிறது என்றால் சிறுநீரகமே தளர்கிறதோ என்று பார்க்க வேண்டும், ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அக்கா அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தம்பி பக்கத்தில் அந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? வெளியே போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினாள்.

வெளியே வந்ததும் தம்பி குடையை உள்ளே வைத்துவிட்டேன் என்று திரும்பிப் போனான். குடை அவன் கையிலேயே இருந்தது. அக்கா பின்னாலேயே போனாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

"டாக்டர், சின்னவனைத் திருப்பி வெச்சுட முடியுமா?" என்று அவன் கேட்பது காதில் விழுந்தது.

யாரை என்று மருத்துவர் விளங்காமல் கேட்டார். தம்பி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "இது அவங்களோடதுதானே. நல்லாத்தானே இருக்கு. என்னால அவங்க போயிடக் கூடாது டாக்டர். நான் பழையபடி மெஷின்ல படுத்துக்கறேன்."

அந்த ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் அவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அக்கா. எது நடந்தாலும் அந்தக் கட்டிலுக்கு மட்டும் திரும்ப மாட்டேன் என்று சொன்னவன் அவன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"தண்ணி நான் குடிக்கல டாக்டர்" என்றாள். "ஆபீஸ்ல ஒரு செடி இருந்துது. அதுக்கு ஊத்திட்டேன்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டார். ஊசியெல்லாம் இப்போது வேண்டாம், ஒழுங்காகக் குடித்துவிட்டு மறுபடி வந்து ரத்தம் கொடுங்கள், அதற்கப்புறம் பேசலாம் என்றார். கோபமாகத்தான் சொன்னார். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்?

பஸ்ஸிலிருந்து இறங்கி, தெரு திரும்பி, வீட்டுப் பூட்டைத் திறந்தபோதுதான் தம்பி பேசினான்.

"நீ பொய் சொல்லியிருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன். பாட்டிலைப் பொய் சொல்ல வெச்சுட்டியேக்கா."

மறுநாள் காலை அவன் வாசலில் வந்து நிற்கவில்லை. பாட்டில் சமையலறை மேடையில் கவிழ்ந்து கிடந்தது. அக்கா தானே ரொப்பிக்கொண்டாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க மறந்துபோய், போகிற வழியெல்லாம் பை நனைந்தது.

அலுவலகத்துக்குப் போனதும் ஷிப்ட் மேடத்தின் முன்னால் போய் நின்றாள். தன் ஒற்றைச் சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்னாள், வேலைக்குச் சேரும்போது மறைத்ததைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டாள். துணிச்சல்கூட இல்லை அது. இதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை, அதுதான் நிஜம். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ என் செடியைக் கொன்னது நீங்களா?" என்றார்.

அவருக்கு அதுதான் முதலில் உறைத்தது. ஆமாம் என்றாள் அக்கா. முதலில் போய்த் துப்புரவுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர், எனக்குத் தெரியும் அம்மா, நீங்க பாட்டிலைக் கவுக்கறதை ஒருநாள் வாசல்லேர்ந்தே பாத்தேன் என்றார். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

திரும்பி வந்தவளிடம், இப்போது குரலுக்கு என்ன வழி என்றார் மேடம். சட்டத்தை மாற்ற அவர் தயாராக இல்லை. அக்கா பஸ்ஸில் வரும்போதே இதைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். பல் மருத்துவமனைப் பெண் பயந்தது இரண்டாவது குரலைக் கேட்டு அல்ல, அப்படி ஒரு குரல் இருப்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்ததால்தான். முதலிலேயே இரண்டு பேரும் பேசிவிட்டால் என்ன? இங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் பேசுவார் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், மாறும்போது அது புதுக் குரலாக இருக்காதே. மேடம் உதட்டைப் பிதுக்கினார். செய்து பாருங்கள், இன்னொரு நகம் பெயர்ந்தால் நான் பொறுப்பில்லை என்றார். ரேடியோவுக்குப் பரம சந்தோஷம். எனக்கும் வயசாகுதும்மா, நானும்தான் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாழ்த்தினாலும் அது அறை முழுக்கக் கேட்டது.

முதல் தடவை ஒரு நடுவயதுப் பெண் கடைச் சாமான்களோடு மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பேசினாள், ரேடியோ வணக்கம் சொன்னார், மறுபடி அக்கா பேசினாள். முக்கால் மணி நேரம் போனது. அக்காவுக்கு அவசரம் வந்தது. வெட்கத்தை விட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வாங்க" என்றாள் அந்தப் பெண். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது போக முடியுதே."

அக்கா சிரித்துக்கொண்டே ஓடினாள். புது வேலையில் சேர்ந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறு பரிசோதனைக்குத் தம்பியும் வந்தான், ஆனால் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தார்களா என்று மருத்துவர் அவனைத்தான் பார்த்தார். அவங்களையே கேளுங்க டாக்டர் என்று அவன் சுவரைப் பார்த்தான். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏறியது பாதி இறங்கியிருக்கிறது, மீதியும் இறங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். பத்திரமாக வைத்துக்கொள்வது என்பது இனி ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை, இதற்கு ஓய்வு கிடையாது என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம் அழைப்பு மேல் அழைப்பாக வந்து அவளைப் பிழிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தோளில் வார் அழுத்தியது. குலுக்கிப் பார்த்தாள். கொஞ்சம் மிச்சம் இருந்தது. வயிற்றில் இனி ஒரு வாய்க்கு இடமில்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் புழுதி படிந்த ஒரு புதர் இருந்தது. கை தானாகவே மூடியைத் திருகிவிட்டது. பாட்டிலைச் சாய்க்கப் போன நேரத்தில் நின்றாள். மறுபடி மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் தம்பி வரைபடத்தின் மேல் குனிந்திருந்தான். அவள் பாட்டிலை அவன் மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எழுந்து கை கால் கழுவக்கூட முடியவில்லை. தம்பி அதைத் தொடமாட்டான் என்றுதான் நினைத்தாள். இத்தனை நாளாகத் தொடவில்லையே. வெகு நேரம் கழித்துப் பென்சிலைக் கீழே வைத்தான், பாட்டிலை எடுத்தான், பழையபடி காதருகே வைத்துக் குலுக்கினான். உள்ளே தண்ணீர் சளப்பென்று சத்தம் போட்டது.

"மிச்சம் இருக்கு" என்றான்.

"இருக்கு. இன்னைக்கு அவ்வளவுதான் முடிஞ்சுது."

அவன் மூடியைத் திறந்து, மிச்சத் தண்ணீரை நின்றபடியே அண்ணாந்து குடித்து முடித்தான். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாட்டிலைக் கழுவி, நாளைக்கு ரொப்புவதற்கு வாகாகக் குழாய்ப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தான்.

"நாளைக்கும் அதே பஸ்தானே?" என்று அங்கிருந்தே கேட்டான்.